வேலியில் சிவந்தது

கவிழ்த்துப் போட்ட முக்காலியின் கால்களில் துணிப்பை கட்டித் தொங்கியது. அதற்குள் காலையில் வேகவைத்த ஹா பழக்கூழ்; ஹாதார்ன் முள்மரத்தின் சிவப்புப் பழம்தான் ஹா. கீழே வைத்த சட்டியில் சாறு சொட்டு சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. இன்று மாலை ஆறு மணிக்குத் தேவாலயக் கூடத்தில் அறுவடை விருந்து. குளிர்ந்த பன்றி இறைச்சிக்குத் தொட்டுக்கொள்ள கிளாடிஸின் ஜெல்லிதான். நாற்பது பிள்ளைகளாவது வருவார்கள்.

"எந்த வேலியில பறிச்சே?" என்று மேவிஸ் கேட்டாள்.

கிளாடிஸ் மேவிஸின் அண்ணன் மனைவி. கை வேகமும் வாய் வேகமும் சமம். "பழைய ஆலைச் சந்துல. அப்பா, என்னமா காய்ச்சிருக்கு! கொத்துக் கொத்தா உருவிப் போட்டேன். அரை மணியில வாளி நிறைஞ்சிடுச்சு."

நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்த மேவிஸின் கை நின்றுவிட்டது. பதினாறு வருடங்களாக அவள் அந்தச் சந்துப் பக்கம் போனதில்லை. அப்போது அவளுக்கு எட்டு வயது, தங்கை வின்னிக்கு ஆறு. வேலியோரம் நின்று, "மேவி, இது சாப்பிடலாமா?" என்று வின்னி கேட்டாள். மேவிஸ் இலையைப் பார்த்தாள். ஹாதார்ன் முள்மரத்தின் இலை. "சாப்பிடு" என்றாள். மூன்றாம் நாள் வின்னி உயிரோடு இல்லை.

"இலையப் பாத்தியா?"

"பாத்தேன் தாயே. நீ வகுப்புலேர்ந்து வந்து வேதம் ஓதுவியே, பழத்தோட ஒரு இலையையும் பறிச்சுப் பாக்கணும்னு. பாத்தேன். ஹாதார்ன் இலைதான்."

செவ்வாய்க்கிழமை மாலைத் தாவர வகுப்பில் சொல்லிக்கொடுத்த விதி அது. மேவிஸின் நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பழம், ஒரு இலை, ஒரு தேதி இருக்கும். விதி தெரியாத வயதிலேயே அவளும் அன்று இலையைப் பார்த்துத்தான் 'சாப்பிடு' என்று சொல்லியிருந்தாள்.

"பையப் பிரிச்சு ஒரு தடவை பாத்துடலாமா?"

"தொட்டே, கொன்னுடுவேன்! பையப் பிழிஞ்சா சாறு கலங்கிடும்னு தெரியாதா? விருந்துல பக்கத்து மேசையில மிஸஸ் ப்ராபர்ட் கண்ணாடி மாதிரி ஜெல்லி கொண்டாந்து வைப்பா, நான் சேத்துத்தண்ணிய வைக்கவா?" கிளாடிஸ் குரலைத் தணித்தாள். "போன வருஷம் நல்ல நல்ல பிளாக்பெர்ரி பணியாரம் பன்னிரண்டையும் பன்னிக்குக் கொட்டினே. அந்தப் பன்னி இன்னும் கொழுகொழுன்னுதான் இருக்கு. பயம் உன்னோடது மேவி, பழத்தோட தப்பில்ல."

அது உண்மை. தன் பயத்துக்கும் நிஜத்துக்கும் நடுவே எங்கே கோடு போடுவது என்று அவளுக்குத் தெரிந்ததே இல்லை. குளிர் அங்கியை மாட்டிக்கொண்டு ஆலைச் சந்துப் பக்கம் நடந்தாள்.

நடுப்பகல். ஆனாலும் சந்துக்குள் பனிமூட்டம் கலையவில்லை. இருபுறமும் உயிர்வேலி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தது. கிளாடிஸ் உருவிய இடம் தனியாகத் தெரிந்தது. ஒடிந்த கிளைகள், நசுங்கிய புல். மேலே மிச்சமிருந்த சிவப்பு கண்ணை இழுத்தது. மேவிஸ் ஒரு பழத்தைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் காய்ந்த கிரீடம்போல் சின்ன முடிச்சு. ஹா. அடுத்ததும் ஹா. அதற்கடுத்தது மொழுமொழுவென்று இருந்தது. முடிச்சு இல்லை.

பக்கத்தில் இருந்த இலை ஹாதார்ன் இலைதான். ஆனால் பழத்தின் காம்பு அந்தக் கிளையிலிருந்து வரவில்லை. விரலைக் காம்பில் வைத்து, விடாமல் கீழே இறக்கினாள். சருகாகிப்போன மெல்லிய கொடி கிளைகளைச் சுற்றிச் சுற்றி இறங்கியது. அதன் சொந்த இலைகள் எப்போதோ உதிர்ந்துவிட்டிருந்தன. முள் கீறி மணிக்கட்டில் ரத்தம் வந்தது. விரல் மண்ணைத் தொட்டது.

பிரையனி என்ற நச்சுக்கொடி. பழம் அதனுடையது, இலை மட்டும் வேலியினுடையது.

தரையில் ஒரு பள்ளம் இருந்தது. வின்னி இறந்த அடுத்த வாரம் அப்பா மண்வெட்டியோடு வந்து இங்கேதான் தோண்டினார். குழந்தை அளவுக்குக் கிழங்கு ஒன்று கிடைத்தது என்று பிற்பாடு குடித்திருந்தபோது சொன்னார். எரித்துவிட்டதாகவும் சொன்னார். ஏதோ ஒரு துண்டு மண்ணில் தங்கியிருக்க வேண்டும்.

"மேவி, இது சாப்பிடலாமா?"

முழங்கை உயரத்திலிருந்து வந்தது குரல். மேவிஸ் திரும்பவில்லை. கொடியை அறுத்துக்கொண்டு ஓடினாள்.

சமையலறையில் கிளாடிஸ் புட்டிகளைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். மேவிஸ் முக்காலியிலிருந்து பையை அவிழ்த்து மேசைமேல் கொட்டினாள்.

"அடிப்பாவி! உனக்குப் பைத்தியம் முத்திடுச்சா?"

கல்போன்ற ஹா கொட்டைகளை மேவிஸ் ஒரு பக்கம் ஒதுக்கினாள். பத்து, இருபது, நாற்பது. எல்லாம் சரியாகவே இருந்தன. தானே தப்போ என்ற பழைய சந்தேகம் வந்தது. பிறகு விரல் நுனியில் தட்டையாக ஒன்று ஒட்டியது. பக்கத்தில் இன்னொன்று. கொடியிலிருந்த பழத்தை நசுக்கி அருகில் வைத்தாள். அதே தட்டை விதைகள்.

கிளாடிஸ் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து மேசையிலிருந்து ஒரு எட்டு பின்வாங்கினாள். "நான் இலையப் பாத்தேன் மேவி," என்றாள். "சத்தியமா பாத்தேன்."

"தெரியும். நானும் பாத்தேன்."

இருவரும் சட்டியைத் தூக்கிப்போய்த் தோட்டத்தில் குழி வெட்டிக் கவிழ்த்தார்கள். செம்மண்ணில் சிவப்புச் சாறு கண்ணாடிபோல் தெளிந்து நின்று, மெல்ல உள்ளே இறங்கியது.

"மேவி, இது சாப்பிடலாமா?"

"வேணாம்டி வின்னி," என்றாள் மேவிஸ், உரக்க.

கிளாடிஸ் அவளைப் பார்த்தாள். குழிக்குள் மண்ணைத் தள்ளினாள்.

குரல் திரும்ப வரவில்லை. மேவிஸ் மண்வெட்டியைப் பிடித்தபடி இன்னும் கொஞ்ச நேரம் காத்து நின்றாள்.