ஈரல் வாசல்

ஹைதரின் கை எப்போதும் மஞ்சள்தான். சூலியா தெரு நாசி கண்டார் சோற்றுக் கடையில் காலமெல்லாம் குழம்பு கூட்டுகிறவருக்கு வேறு என்ன நிறம் இருக்கும்? அதனால் உடம்பே மஞ்சளித்தபோதும் வீட்டில் யாருக்கும் உறைக்கவில்லை. கண் வெள்ளையும் மஞ்சளான பிறகுதான் மனைவி ரொஸ்னா அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

ஸ்கேன் முடிந்ததும் டாக்டர் ரஜிதா அவளைத் தனியே அழைத்து, பித்தக்குழாயில் புற்றுநோய்க் கட்டி என்றார். ‘டைப் மூணு’ என்று அவர் சொன்னது மட்டும் ரொஸ்னாவின் காதில் நின்றது. மூன்றுக்குப் பிறகு நான்கு, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை என்று அவளே முடிவுகட்டிவிட்டாள். மேற்கொண்டு கேட்கப் பயம்.

“அவருகிட்ட பித்தக்கல்லுன்னே சொல்லிருங்க டாக்டர்.”

“நானா எதுவும் சொல்ல மாட்டேன் அக்கா. ஆனா அவரு கேட்டா பொய் சொல்ல முடியாது.”

கேட்காமல் இருக்கிற ஆளா ஹைதர்? மீன் வாங்கப் போனால் அது எந்தக் கடல் என்று விசாரிக்கிற மனுஷர். மறுநாள் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

“வெறும் கல்லுன்னா இவ எதுக்கு டாக்டர் ராத்திரியெல்லாம் அழுறா? என்னன்னு சொல்லுங்க.”

டாக்டர் சொல்லிவிட்டார். ரொஸ்னாவுக்கு உயிரே போய்விட்டது. “எந்த இடத்துல?” என்றார் ஹைதர்.

டாக்டர் ஒரு தாளில் வரைந்தார். ஈரலின் வலப்பக்கத்திலிருந்து ஒரு குழாய், இடப்பக்கத்திலிருந்து ஒன்று. ஈரலை விட்டு வெளியே வரும் வாசலில் இரண்டும் ஒன்றாகச் சேர்கின்றன. கட்டி அங்கேதான்.

“அப்ப இது ஈரல் கேன்சர் இல்லயா?”

“இல்லண்ணே, குழாயோடது. சேர்ற இடத்துக்குக் கீழேயே நின்னா டைப் ஒண்ணு. அந்த இடத்தத் தொட்டா ரெண்டு. ஒரு கிளையில ஏறினா மூணு, ரெண்டுலயும் ஏறினா நாலு. உங்களுக்கு வலது கிளையில ஏறியிருக்கு.”

“மூணுன்னா மூணாவது ஸ்டேஜா?”

“இல்ல லா. டைப் எங்க இருக்குன்னு சொல்றது. எவ்வளவு தூரம் போயிருக்குன்னு சொல்றதுதான் ஸ்டேஜ். பக்கத்து ரத்தக்குழாயப் பிடிச்சிருக்கா, நெறி கட்டியிருக்கா, வேற எங்கயும் பரவியிருக்கான்னு பாக்கணும். ஸ்கேன்ல அப்படி ஒண்ணும் தெரியல. ஈரல்ல வலது பக்கத்த எடுத்திடலாம். மிச்சம் இருக்கிற இடது பக்கம் வளந்துக்கும்.”

உயிரோடு உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்காக ரொஸ்னா அழுது தீர்த்திருந்தாள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. நாற்காலியை நகர்த்தி அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டு, தாளைத் தன் பக்கம் இழுத்தாள்.

“இடது கிளை எது டாக்டர்? நல்லாக் காட்டுங்க.”

டாக்டர் காட்டினார்.

“திறந்து பாக்கும்போது இதுலயும் ஏறியிருந்தா?”

“எடுக்க முடியாம போகலாம் அக்கா. அப்படின்னா மூடிடுவோம். வெளிய வந்து உங்ககிட்டதான் மொதல்ல சொல்லுவேன்.”

“வேணாம் டாக்டர்,” என்றார் ஹைதர். “நான் முழிக்கிற வரைக்கும் பொறுங்க. அத இவ தனியா கேக்க வேணாம்.”