கூடாரவல்லிக்கு ஒரு விறகடுப்பு

ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று வேண்டிக்கொள்கிறவர்கள் யாரும் அளந்து வேண்டிக்கொள்வதில்லை. பெருந்தேவியும் அப்படித்தான். போன தை மாதம் அவள் கணவர் வெங்கடராகவனுக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தபோது, "ஆண்டாளே, இவர் குரலைத் திருப்பிக் கொடுத்துடு. வர மார்கழி கூடாரவல்லிக்குப் பெரிய உருளி நிறைய அக்காரவடிசல் பண்ணி உனக்கு அமுது செய்யப் பண்றேன். விறகடுப்பில, என் கையால" என்று சொல்லிவிட்டாள். விறகடுப்பு வேண்டுமென்று ஆண்டாள் கேட்கவே இல்லை. இவளாக வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது. ஆனால் சொன்னது சொன்னதுதான். அந்த விஷயத்தில் பெருந்தேவி மகா பிடிவாதக்காரி.

வெங்கடராகவன் திருப்பதியில் கோயில் கோஷ்டியில் பாசுரம் சேவிக்கிறவர். நாற்பது பேர் சேர்ந்து சொன்னாலும் அவர் குரல் தனியாகத் தெரியும். ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு மாதம் பேசக்கூடாது என்றார்கள். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சிலேட்டில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தார். ஆவணியில் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "நன்றாக ஆறிவிட்டது, தாராளமாகப் பாடலாம்" என்று சொல்லிவிட்டார். மார்கழி பிறந்ததும் கோஷ்டிக்கும் போக ஆரம்பித்தார்.

ஆனால் அவர் பாடவில்லை. உதடு மட்டும்தான் அசைந்தது. மற்றவர்கள் சத்தத்தில் யாருக்கும் தெரியவில்லை. பெண்கள் வரிசையில் நின்ற பெருந்தேவிக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. கேட்டதற்கு, "பயமா இருக்கு. வாயைத் திறந்து குரல் உடைஞ்சு போச்சுன்னா அப்புறம் எனக்கு என்னடி இருக்கு?" என்றார். அவள் அடுப்பு வேலையைப் பார்க்கக் கிளம்பினாள். நாம் சொன்னதை நாம் செய்துவிடுவோம், மிச்சத்தை ஆண்டாள் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவள் கணக்கு.

கடைக்குப் போய்ப் பொருள் வாங்குவதென்றால் வெங்கடராகவனுக்குத் தனி உற்சாகம். முதலில் ஏதோ கண்காட்சியிலிருந்து ஓர் எவர்சில்வர் அடுப்பு வாங்கி வந்தார். அதன் வயிற்றில் குட்டி ஃபேன், செல்போன் சார்ஜரில் ஓடும். புகையே கிடையாது, நாலே நிமிஷத்தில் பால் பொங்கியது. எல்லாம் சரி. உருளியை மேலே ஏற்றியதும் ஸ்டூலில் யானை உட்கார்ந்த மாதிரி ஆடியது. அந்த அடுப்பு மாடியில் குடியிருக்கும் பிரித்திகாவுக்குப் போயிற்று. அடுத்து வந்தது ரெடிமேட் சிமெண்ட் அடுப்பு. அது உருளியைத் தாங்கியது, ஒரே ஒரு நாள். மறுநாள் பார்த்தால் குறுக்கே விரிசல்.

கடைசியில் பக்கத்து ஊரான பாகாலாவிலிருந்து ஜெகநாதன் வந்தான். கல்யாண மண்டபங்களுக்கு அடுப்பு கட்டுகிற கொத்தன். வந்தவன் வேறெதுவும் பேசாமல், "மொதல்ல அந்த உருளியக் கொண்டாம்மா" என்று கயிற்றால் அதன் சுற்றளவை எடுத்தான். பெருந்தேவிக்கு அந்த நிமிஷமே அவனைப் பிடித்துப்போயிற்று. கொல்லையில் தகரக் கூரைக்குக் கீழே செங்கல்லும் மண்ணுமாக அடுப்பு எழுந்தது. கட்டை வைக்க இரும்புக் கம்பி, கம்பிக்கு அடியில் சாம்பல் விழவும் காற்று நுழையவும் ஒரு வாய், பின்னால் கூரைக்கு மேலே போகிற தகரக் குழாய். மொபெட்டில் கட்டி வந்திருந்த மாங்கட்டைகளைக் கொண்டு அவனே பற்றவைத்தான்.

"ரெண்டு கட்டைக்கு மேல சொருவாதம்மா. அடியில காத்து போய்க்கினே இருக்கணும். தீ தணியணும்னா கட்டைய வெளிய இழுத்துடு, தண்ணி தெளிக்காத" என்றான்.

அடுப்பு கணகணவென்று எரிந்தது. குழாயிலிருந்து நூல் மாதிரி ஒரு புகை. பெருந்தேவிக்குச் சின்னப் பெண் போலக் கை தட்டலாம் என்றிருந்தது.

அந்தச் சந்தோஷம் மறுநாள் காலை வரைதான். கை பழகட்டும் என்று இரண்டு ஆழாக்கு பொங்கல் வைக்கப் போனாள். விறகு சீறியது, நுனியில் நுரை கக்கியது, தீ மட்டும் பிடிக்கவில்லை. கொல்லை, கூடம், மாடி எங்கும் புகை. கொடியில் காய்ந்துகொண்டிருந்த சுடிதாரைக் கையில் பிடித்தபடி பிரித்திகா இறங்கி வந்தாள். "ஆன்ட்டி, ஆபீஸ் பஸ்ல பக்கத்து சீட்டுப் பொண்ணு என்னை மோந்து பாக்கறா" என்றாள். உள்ளே வெங்கடராகவன் இருமிக்கொண்டிருந்தார்.

பெருந்தேவி விறகுக்கடைக்காரனைப் பிடித்துக்கொண்டாள். பச்சை விறகைத் தலையில் கட்டிவிட்டான் என்று ஒரு பாட்டம் திட்டினாள். மாங்கட்டைக்குப் பதிலாகச் சவுக்கு வந்தது. அதுவும் புகைந்தது. புளியங்கட்டை வந்தது. அதற்கு முந்தைய இரண்டுமே தேவலை. ஜெகநாதனை வரவழைத்தால், அவன் கொண்டுவந்த கட்டை அதே அடுப்பில் சிரித்துக்கொண்டு எரிகிறது. "என் அடுப்பு மேல தப்பு கெடயாதும்மா. எட்டு ஊருக்குக் கட்டிக்கினு கீறேன்" என்று ரோஷத்தோடு போய்விடுவான். அவன் தெருமுனை திரும்பியதும் மறுபடி புகை. விறகுக்கடைக்காரனோ, வருஷத்து விறகு என்று வேங்கடவன் மேல் சத்தியம் செய்கிறான். யாரை நம்புவது?

கூடாரவல்லிக்கு இன்னும் மூன்றே நாள் என்ற அன்று காலை வெங்கடராகவன் இருமி இருமி ஓய்ந்துபோனார். பிறகு பரணிலிருந்து பழைய சிலேட்டை எடுத்தார். "புகை. தொண்டை போச்சு. இனி பேச மாட்டேன்" என்று எழுதி அவள் முன்னால் வைத்தார்.

பெருந்தேவி அந்தச் சிலேட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குரலுக்காக வேண்டிக்கொண்டது, குரலையே வாங்கிக்கொள்ளப் பார்க்கிறதே! அழுகை முட்டியது. ஜெகநாதனுக்குப் போன் போட்டாள். "சாயங்காலம் வந்து இந்த அடுப்பை இடிச்சுட்டுப் போயிடுப்பா. எனக்கு இது வேண்டாம்."

சாயங்காலம் அவன் கடப்பாரையோடு வந்தான். முகம் செத்துப்போயிருந்தது. கொல்லைக்கு நடந்தவன் விறகுக் கொட்டகையருகே நின்று, "ஏந்தி சாமி இதி!", என்ன சாமி இது என்று தெலுங்கில் போட்ட சத்தத்தில் பெருந்தேவி ஓடினாள்.

ஈர வேட்டியும் நெற்றி நிறையத் திருமண்ணுமாக வெங்கடராகவன் நின்றுகொண்டிருந்தார். எதிரே பெரிய அண்டா நிறையத் தண்ணீர். ஒவ்வொரு கட்டையாக அதில் முக்கி, புரட்டி, பட்டை இடுக்கெல்லாம் தேய்த்து, பக்கத்தில் ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருந்தார். மறுநாள் அடுப்புக்கு வேண்டிய விறகு.

"என்ன பண்றேள்?"

சிலேட்டு கைவசம் இல்லாததால் அவர் வாயைத் திறக்க வேண்டியதாயிற்று. "மடி வேண்டாமா? தெரு நாய் இந்த விறகு மேலதான் தினம் படுத்துத் தூங்கறது. நானே பார்த்தேன். அதை அப்படியே வெச்சு ஆண்டாளுக்குத் தளிகை பண்ணலாமா? தினம் சந்தியாவந்தனத்துக்கு முன்னாடி நான்தான் எல்லாத்தையும் அலம்பி வைக்கறேன்."

"தினமுமா?"

"தினமும்."

ஜெகநாதன் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு, தலையில் கைவைத்துக்கொண்டு அதன் மேலேயே உட்கார்ந்தான்.

பெருந்தேவிக்கு வந்த கோபத்தில் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. விறகுக்கடைக்காரனை வீணாகத் திட்டியது, பிரித்திகாவின் சுடிதார், இவருடைய சிலேட்டு எல்லாம் ஒன்றாக நாக்கு நுனிக்கு வந்தன. அதற்குள் அவர் மெதுவாகச் சொன்னார்: "எனக்காகத்தானே நீ வேண்டிண்டே. தொண்டைதான் உதவலை, கையாவது உதவட்டுமேன்னு பார்த்தேன்."

அவ்வளவுதான், அவள் கோபம் போன இடம் தெரியவில்லை. முதலில் கண் கலங்கியது. அப்புறம் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை நிறுத்த முடியவில்லை. அண்டாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏன்னா, நெருப்புக்குள்ள போற கட்டை! அக்னிக்கே மடி சொல்லித் தரேளா?"

அவர் யோசித்தார். சாஸ்திரத்தில் அதற்குப் பதில் தேடியிருக்க வேண்டும், கிடைக்கவில்லை. கடைசியில் பேரம் படிந்தது. விறகை அலம்பக் கூடாது. அடுப்பில் வைக்கும்போது துளசி தளத்தால் மூன்றே சொட்டுத் தீர்த்தம் தெளித்துக்கொள்ளலாம். நாலாவது சொட்டு விழுந்தால் கடப்பாரை விழும் என்றாள் பெருந்தேவி.

ஜெகநாதன் இடிக்க வந்தவன், கோடரி வாங்கி ஊறிய கட்டைகளை மெல்லிசாகப் பிளந்து கொடுத்தான். பிரித்திகா கொடியை அவிழ்த்து மாடியைக் காலி பண்ணினாள். இரண்டு முழு நாள் திருப்பதி வெயிலில், வடாம் காயப்போட்ட மாதிரி மாடி முழுக்க விறகு. குடையும் கையில் கம்புமாக வெங்கடராகவன் நாய்க்குக் காவல் இருந்தார். நாய் மாடிப்படி வரை வந்து, அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

கூடாரவல்லி அன்று அவர் கோயிலிலிருந்து வந்ததும் உருளி ஏறியது. மூன்று சொட்டுத் தீர்த்தம். ஒரு குச்சி, இரண்டு கட்டை, தீ உடனே பிடித்துக்கொண்டது. வறுத்த பயத்தம்பருப்பும் அரிசியும் பாலில் குழைந்தன. வெல்லப்பாகு விழுந்தது, நெய் விழுந்தது. ஜெகநாதன் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து கொல்லை வாசலில் நின்றான். பெருந்தேவி இரண்டு கையாலும் கரண்டியைப் பிடித்துக் கிளறிக்கொண்டே இருந்தாள். தீயைப் பார்த்துக்கொள்வது வெங்கடராகவன் பொறுப்பு.

பாதியில் தீ கொஞ்சம் சோர்ந்தது. "ஊதுங்கோ, ஊதுங்கோ!" என்றாள் அவள். அவர் அவசரத்தில் குனிந்து ஊதுகுழலை எடுத்து, அடிவயிற்றிலிருந்து ஒரு மூச்சு ஊதினார். நீளமான மூச்சு. இடையில் அறுபடவில்லை, இருமல் வரவில்லை. கட்டை குப்பென்று பற்றியது. அவர் குழலை எடுத்துவிட்டுத் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இன்னொரு தடவை ஊதினார், அது இன்னும் நீளம். தீ தேவைக்கு மேலேயே எரிந்தது. ஆனாலும் மூன்றாவது தடவையும் ஊதினார்.

பிறகு நிமிர்ந்து, குழலைக் கீழே வைத்து, கண்ணை மூடிக்கொண்டு அன்றைய திருப்பாவைப் பாசுரத்தை ஆரம்பித்தார்.

முதல் சொல் கரகரத்தது. இரண்டாவதில் கரகரப்பு இல்லை. மூன்றாவதில் அந்தக் குரல், நாற்பது பேரிலும் தனியாகத் தெரிகிற அதே குரல், கொல்லையைத் தாண்டித் தெருவுக்குப் போயிற்று. மாடியில் பிரித்திகா யாரோடோ பேசிக்கொண்டிருந்த போனைக் காதிலிருந்து எடுத்தாள். பெருந்தேவியின் கரண்டி நின்றுவிட்டது. அவளுக்கு வேறெதுவும் நினைவில்லை. சந்தோஷம் தாங்காமல் அப்படியே நின்றாள்.

உருளியின் அடியிலிருந்து ஒரு வாசனை கிளம்பியது. ஜெகநாதன் பதறி, "அம்மா, அடிப்பிடிக்குதும்மா!" என்று கத்தினான். வெங்கடராகவன் கண்ணைத் திறந்தார், பாசுரம் நின்றது.

பெருந்தேவி இரண்டு கட்டைகளையும் வெளியே இழுத்துப் போட்டாள். "மேலே நன்னாத்தான் இருக்கு, ஆண்டாளுக்கு மேலேருந்து எடுத்துக்கறேன். அடியை நான் சாப்பிட்டுக்கறேன்" என்றாள். "நீங்க ஏன் நிறுத்தினேள்? இன்னும் ரெண்டு அடி இருக்கு. சொல்லுங்கோ."