மொட்டைக்கு எழுபது

என் வாய்தான் எனக்கு எதிரி என்று என் மனைவி தனுஜா கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டாள். நான் சிரித்தேன். பதினைந்து வயதுக்குட்பட்ட பையன்களைக் கால்பந்து விளையாட வைக்க வாய் இல்லாமல் முடியுமா? திட்ட வேண்டும், கிண்டலடிக்க வேண்டும், அப்போதுதான் ஓடுவார்கள். எங்கள் ஊரான புக்கிட் பெலிம்பிங்கின் திடலில் ஆறு வருடமாக என் பயிற்சி இப்படித்தான் நடந்தது. வார நாளில் செம்பனை எண்ணெய் ஆலையில் கொதிகலனோடு மல்லுக்கட்டுகிறவன் நான். மீதி நேரத்தில் கோச் சுகுமாறன்.

இந்த வருடம் தைப்பூசத்துக்கு மறுநாளும் விடுமுறையாக அமைந்தது. லீக் ஆட்டத்துக்கு மூன்றே வாரம் இருந்ததால் பையன்களை அன்று காலை ஏழரைக்கே திடலுக்கு வரச் சொல்லிவிட்டேன். லோரி டயரில் கயிறு கட்டி இழுப்பது, ஒருவனை ஒருவன் முதுகில் சுமந்து ஓடுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு கூட்டாளியின் குரலை மட்டும் நம்பிப் பந்தை உருட்டிப் போவது என்று முழு நாளுக்கும் திட்டம் வைத்திருந்தேன். உடம்பும் தேற வேண்டும், ஒருத்தனை ஒருத்தன் நம்பவும் பழக வேண்டும்.

வந்தவர்களில் ஆறு பேர் மொட்டை. பத்துமலை முருகன் கோயிலில் முடி இறக்கியவர்கள். மண்டையில் பூசிய சந்தனம் இன்னும் போகவில்லை. ஏழாவது மொட்டையாக வந்தான் எங்கள் கேப்டன் புவனேசன். இரண்டு வாரத்துக்கு மேல் ஆளையே காணவில்லை. "கோச், ஜொகூர் போறேன், கொஞ்ச நாள் வர முடியாது" என்று வாட்சாப்பில் ஒரு வரி போட்டதோடு சரி. ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கேப்டனே இப்படி என்றால் மற்றவன் எவன் மதிப்பான்? எனக்கு உள்ளே புகைந்துகொண்டே இருந்தது.

"வாங்க சாமி, வாங்க! இந்த வருஷம் முருகன் ஜொகூருக்கு மாறிட்டாரா?" என்றேன்.

பையன்கள் சிரித்தார்கள். புவனேசன் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டினான்.

"எல்லா மொட்டையிலயும் சந்தனம் இருக்கு, ஒனக்கு மட்டும் எங்கடா? ஸ்டாக் முடிஞ்சிருச்சா?"

மறுபடி சிரிப்பு. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"சரி, மொட்ட போட்டியே, சாமிகிட்ட என்னா கேட்ட?"

"ஒண்ணும் கேக்கல கோச்."

"ஒண்ணும் கேக்காமயா மொட்ட போட்ட? வேஸ்ட்டுலா! முடியாச்சும் மிச்சமாயிருக்கும்."

இதற்குத்தான் சிரிப்பு அதிகம். கோல்கீப்பர் தேவன் புல்லில் உருண்டே சிரித்தான். நானும் என் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

எங்கள் குழுவில் ஒரு சட்டம் உண்டு. பயிற்சிக்கு ஒரு நாள் வராவிட்டால் பத்து பர்பி. நின்ற இடத்திலேயே தரையில் மார்பு பட விழுந்து, எழுந்து, கையைத் தூக்கிக் குதிக்க வேண்டும். பத்து போட்டாலே மூச்சு வாங்கும். அந்த இரண்டு வாரத்தில் அவன் தவறவிட்ட பயிற்சி ஏழு நாள்.

"எழுபது. எல்லாரும் சுத்தி நின்னு எண்ணுங்கடா."

குறைத்துக்கொள்ளுங்கள் என்று அவன் கேட்கவில்லை. நேராக நடுவே போய் ஆரம்பித்துவிட்டான். "மொட்ட ஒண்ணு, மொட்ட ரெண்டு" என்று பையன்கள் எண்ணினார்கள். அப்படி எண்ணச் சொல்லி எடுத்துக்கொடுத்தவன் நான்தான். முப்பதைத் தாண்டியதும் அவன் கை நடுங்கியது. வெறும் மண்டையில் புல்லும் மண்ணும் ஒட்டியிருந்தன. அவன் முறைத்திருந்தால்கூட நான் நிறுத்தியிருப்பேனோ என்னவோ. முறைக்கவில்லை. அந்த அமைதியைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன்.

ஐம்பதில் அவன் அம்மா அம்சவள்ளி மோட்டார்சைக்கிளில் வந்து திடலின் கேட் அருகே நின்றார். செகிஞ்சானில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறவர். பையனைத் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு அவரிடம் போனேன். அவரையும் நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன்.

"என்னாம்மா, ரெண்டு வாரம் டூர் போறதுன்னா ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

அவர் பையன்கள் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"டூர் இல்ல கோச். அவங்கப்பா தவறிட்டாரு. ஜொகூர்ல. முந்தாநேத்துதான் கருமாதி முடிஞ்சிச்சு. மூத்த புள்ள இவன்தானே, இவனத்தான் மொட்ட போட்டு காரியம் பண்ண வச்சாங்க."

அவன் அப்பா வெளியூருக்கு லோரி ஓட்டுகிறார், எப்போதாவதுதான் வருவார் என்றுதான் இங்கே எல்லோருக்கும் தெரியும்.

"அவரு நாலு வருஷமா எங்ககூட இல்ல. அங்க வேற குடும்பம். வெளிய சொல்லிக்கிற மாதிரியா இருக்கு? திரும்பி வந்ததுலேருந்து இவன் ஒரு வார்த்த பேசல, அழவும் இல்ல. இன்னிக்கித்தான் 'திடலுக்குப் போறேம்மா, கோச் இருப்பாரு'ன்னு அவனா கெளம்புனான். எப்படி இருக்கான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

கோச் இருப்பாரு. இருந்தேன்தான். இருந்து என்ன செய்தேன் என்று அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வேன்? "நல்லா இருக்கான்மா" என்றேன். என் கண்ணை நான் நிமிர்த்தவே இல்லை. அவர் நன்றி சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

புவனேசனைத் தனியாகக் கோல் கம்பத்துக்குப் பின்னால் கூட்டிப் போனேன்.

"எனக்குத் தெரியாதுடா. மன்னிச்சிரு. எல்லார் முன்னாலயும்தானே கிண்டல் பண்ணேன், எல்லார் முன்னாலயும் மன்னிப்பு கேக்குறேன். வா."

சத்தியமாக அப்படித்தான் செய்ய நினைத்தேன். சொல்லி முடித்துவிட்டால் என் நெஞ்சில் இருந்த பாரமும் இறங்கிவிடும் என்ற ஆசையும் அதில் இருந்தது. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். முதல்முறையாக அவன் முகத்தில் பயத்தைப் பார்த்தேன்.

"வேணாம் கோச், சொல்லாதீங்க! அப்பா எங்கள விட்டுட்டுப் போனது இவனுங்களுக்குத் தெரியாது. மொட்ட சாமிக்குன்னே இருக்கட்டும்."

"அப்ப நான் என்னாதான்டா செய்யட்டும்?"

அவன் பையன்களைத் திரும்பிப் பார்த்தான். அவர்களும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் இருவது இருக்கு கோச். பாதியில நிப்பாட்டுனா ஏன்னு கேப்பானுங்க."

"நானும் ஒன்கூட சேந்து போடுறேன்."

"நீங்க எப்பவும் போட மாட்டீங்களே கோச். அதுவும் ஏன்னு கேப்பானுங்க."

குற்றமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னான். சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு நடுவே போய் நின்றான். பதினான்கு வயதுப் பையன் மானத்தைக் காக்க என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தான். நாற்பது வயதான எனக்குக் கால் நகரவில்லை.

"மொட்ட அம்பத்தொண்ணு!" என்று கத்தினார்கள். என் வாய் திறக்கவில்லை.

"கோச், சத்தத்தையே காணோம்?" என்றான் தேவன்.

தரையில் கிடந்த புவனேசன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். கெஞ்சுகிற பார்வை.

"மொட்ட அம்பத்திரெண்டு!" என்று நானும் அவர்களோடு சேர்ந்து கத்தினேன்.