பொய் சொன்ன வரைபடம்

காது சோதனையின் வரைபடம் மிக அழகாக வந்திருந்தது. அதுதான் அவளுக்கு எங்கேயோ உதைத்தது.

பேச்சு, செவித்திறன் படிப்பின் கடைசி செய்முறைத் தேர்வு. போன தடவை ஃபெயில். இந்தத் தடவையும் கோட்டை விட்டால் இன்னும் ஒரு வருடம் வீட்டில் மோட்டுவளையைப் பார்க்க வேண்டியதுதான். கொடுத்த நேரம் இருபது நிமிடம். அதில் பதின்மூன்று போய்விட்டது. முதுகுக்குப் பின்னால் பரிசோதகர், கல்லுப்பிள்ளையார் மாதிரி.

கண்ணாடிக்கு அப்பால், ஒலி புகாத சின்ன அறையில், ஹெட்ஃபோன் மாட்டிய பஸ் டிரைவர், அவள் சோதிக்க வேண்டிய ஆள். சத்தம் கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். எத்தனை மெல்லிய சத்தத்துக்கும் டாண் டாண் என்று அமுக்கினார். இருபது வயதுக் காது என்றது வரைபடம்.

ஆனால் இதே மனிதர்தானே, “உட்காருங்க” என்றதற்கு மூன்று தடவை “என்னது?” என்றார்?

ஒலி அனுப்பும் விசையைத் தொடாமல், தட்டுவதுபோல் கையை மட்டும் அசைத்தாள்.

டிரைவர் அமுக்கினார்.

இத்தனை நேரமும் அவர், விசையைத் தட்டும்போது அசையும் அவளுடைய தோளைப் பார்த்து அமுக்கியிருக்கிறார். நாற்காலியைத் திருப்பிப் போட மறந்தது அவள் தப்பு.

வாயை மூடிக்கொண்டால் கையில் முழு வரைபடம். மறுபடி ஆரம்பித்தால் ஏழே நிமிடம், இரண்டு காது. பாதி வரைபடத்துக்கு மார்க் கிடையாது.

தாளின் குறுக்கே கோடு போட்டாள். எழுந்துபோய் கதவைத் திறந்தாள்.

“அண்ணே, அந்தச் சுவரப் பாத்து உக்காருங்க,” என்றாள் உரக்க.

“நல்லாத்தானம்மா போச்சு?”

“என் தோளுக்கு நல்லாப் போச்சு. உங்க காதுக்குப் போகல.”

டிரைவர் அசடு வழிந்தார். “செவிடுன்னு எழுதிட்டா வீட்டுல மானம் போயிடும்மா.”

இந்த முறை பட்டன் பல தடவை ஊமையாக இருந்தது. கீச்சு ஒலிகளில் கோடு சரசரவென்று இறங்கியது. வலது காது. இடது காது. கடைசிப் புள்ளியை வைத்தபோது பதினோரு வினாடி மிச்சம்.

“காதுல கருவி வெச்சா நல்லாக் கேக்கும்ணே,” என்றாள் அவர் பக்கத்தில் போய்.

“அத விடு. என் வீட்டுக்காரி கூப்பிட்டப்பல்லாம் நான் வேணும்னே சும்மா இருக்கலன்னு எழுதித் தருவியா?”

பரிசோதகர் இரண்டு தாள்களையும் வாங்கிப் பார்த்தார்.

“முதல் தாளக் குடுத்திருந்தா அடுத்த வருஷம்தான் பாத்திருப்போம்.”

“இப்ப, சார்?”

“இப்ப அடுத்த ஆள வரச்சொல்லு. நீ பாஸ்.”

வராந்தா பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து அம்மாவுக்கு ஃபோன் போட்டாள். சிரிப்புதான் வந்தது.

“என்னடி சிரிக்கிற? மறுபடியும் ஊத்திக்கிச்சா?”

“இல்லம்மா. சாப்பாடு எடுத்து வை. பயங்கரமாப் பசிக்குது.”