மெதுவாத்தான் தட்டினேன்

சலவை ஆலையில் அவனுக்குச் சங்கு என்று பெயர். ஆலைச் சங்கு ஷிப்டுக்கு ஒரு தடவைதான் ஊதும், இவன் ஷிப்ட் முழுக்க ஊதுவான் என்று மேஸ்திரி வைத்த பெயர். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளைப் பெரிய டிரம்களில் போட்டுச் சுழற்றும் இடம் அது. அங்கே யாரும் பேசுவதில்லை, கத்துவார்கள். சோப்புத் தூள் தீர்ந்துவிட்டது என்பதைக்கூட ஊரைக் கூட்டித்தான் சொல்ல வேண்டும். கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு ராத்திரி ஷிப்டில் சேர்ந்தவன், அங்கே உருப்படியாகக் கற்றுக்கொண்டது அந்தக் கத்தல் ஒன்றைத்தான்.

வீடு அதற்கு நேர் எதிர். அக்கா வீட்டில்தான் இருந்தான். அங்கே ஊசி விழுந்தால் கேட்கும். அந்த ஊசியும் விழக்கூடாது என்றுதான் அக்கா தன் தையல் மிஷினைக் கீழ்வீட்டு அம்மாளின் கூடத்துக்கு மாற்றியிருந்தாள்.

காரணம் ஒரு பரீட்சை. ஆலையின் பாய்லரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஓய்வு பெறப் போகிறார். பாய்லர் சான்றிதழ் வாங்கிவிட்டால் அந்த இடம் உனக்கு, பகல் வேலை, மனுஷனாக வாழலாம் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். போன வருஷம் எழுதினான். தோற்றான். தோற்றுவிட்டு வந்த அன்று அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. "இந்த இரைச்சல்ல நீ எப்படிடா படிப்ப? தப்பு எங்க மேலதான்" என்றாள்.

அது தப்பு என்று அவனுக்குத் தெரியும். ஆனால் சௌகரியமான தப்பு. தலையை ஆட்டி வைத்தான்.

மறுநாளே வீடு வாயைப் பொத்திக்கொண்டது. அழைப்பு மணியின் கம்பியை அத்தான் பிடுங்கிப் போட்டார். கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டார். விசில் அடிக்கிற குக்கர் பரணுக்குப் போனது, சோறு பானையில் வெந்தது. நாள் முழுக்கக் கூரியர் வண்டி ஓட்டும் அத்தானுக்கு உலகத்தில் இருந்த ஒரே சுகம் டிவியில் மேட்ச் பார்ப்பது. அதையும் ஊமைப் படமாக்கிக்கொண்டார். விக்கெட் விழுந்தால் தலையணையைக் கடித்துக்கொள்வார்.

அக்கா மகளுக்கு வாலு என்று பெயர். நடக்கத் தொடங்கிய நாளில் செய்த சேட்டைக்கு வைத்தது. அவளுக்கு உதட்டில் விரல் வைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். மாமா படிக்கறார், சத்தம் போடாதே. மாமா படிக்கறார், ஓடாதே. மாமா படிக்கறார், சிரிக்கறதா இருந்தா மொட்டை மாடிக்குப் போ. அவள் சொன்னதைச் சொன்னபடி கற்றுக்கொண்டாள். அந்த வருஷம் அந்த வீட்டில் ஒழுங்காகப் படித்தவள் அவள் ஒருத்திதான்.

மூடிய கதவுக்குப் பின்னால் அவன் படிக்கவில்லை.

முதல் இரண்டு பாடம் படித்தான். மூன்றாவது பாடத்தில் ஒரு கணக்கு வந்தது. போனை எடுத்தான். அதோடு சரி. ஆலையிலிருந்து வருவான், குளிப்பான், கதவைச் சாத்துவான், நாற்காலியில் உட்காருவான், புத்தகத்தைத் திறந்து அதன்மேல் போனைச் சாய்த்து வைப்பான். காதில் இயர்போன். கண் சொருகினால் கட்டில். பழக்கம் என்று பார்த்தால் அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒரு நாள் தவறியதில்லை.

ஏன் இப்படி என்று அவன் தன்னைக் கேட்டுக்கொள்ளாமல் இல்லை. படித்துத் தோற்றால் மண்டையில் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடும். படிக்காமல் தோற்றால், படித்திருந்தால் கிழித்திருப்பேன் என்று ஆயுசுக்கும் சொல்லிக்கொள்ளலாம். அவ்வளவுதான். இதற்குமேல் அதில் ஆழம் எதுவும் கிடையாது.

வெளியே அக்கா தேநீரை வைத்துவிட்டு நகத்தால் கதவை ஒரு சுரண்டு சுரண்டுவாள். அவன் எழுந்து வெளியே வந்தால், ஆபரேஷன் முடித்து வரும் டாக்டரைப் பார்ப்பது போல எல்லோரும் அவன் முகத்தைப் பார்ப்பார்கள். "ரொம்பக் கஷ்டமாடா?" என்பாள். "பரவால்லக்கா" என்று கண்ணைத் தேய்த்துக்கொள்வான். கண் நிஜமாகவே சிவந்திருக்கும். போன் வெளிச்சம் சும்மா விடுமா?

பரீட்சைக்கு இன்னும் சில வாரமே இருந்த ஒரு பகலில், துருப்பிடித்த கத்தி ஒன்றை யாரோ தேய்த்துப் பளபளப்பாக்கும் வீடியோவை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். பாதிக் கத்தி வெளுத்திருந்தபோது திரையில் அழைப்பு வந்தது. கையில் இருந்த போனை எடுக்காமல் என்ன செய்வது?

"குழந்தையோட மாமாங்களா? நான் அவ கிளாஸ் டீச்சர். அம்மா போன் எடுக்கல, அடுத்த நம்பர் உங்களோடது. பயப்படாதீங்க, நல்லாத்தான் இருக்கா. யாராவது வந்து கூட்டிட்டுப் போனா தேவலை."

போனான்.

வாலு ஆசிரியர் அறையில் பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்தாள். முடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. புத்தகப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவனைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்தது சந்தோஷம் இல்லை, பயம்.

"மத்தியான மணி அடிச்சதும் பாத்ரூம் போயிருக்கா" என்றார் டீச்சர். "தாழ்ப்பாள் இறுகிக்கிச்சு. நாங்க ஸ்கூல் பூராத் தேடிட்டோம். அந்தக் கதவைத் தாண்டி நானே போயிட்டு வந்திருக்கேன். கடைசியில கூட்டற அம்மா வாளி எடுக்கப் போனப்போ உள்ள ஏதோ சுரண்டற மாதிரி கேட்டிருக்கு. எலின்னு நினைச்சு விளக்குமாத்தோட கதவை இடிச்சுத் திறந்திருக்காங்க."

"ஏன்டி கத்தல?" அவன் கேட்டது ஆலைக் குரலில் வந்துவிட்டது. அறையில் இருந்தவர்கள் திரும்பினார்கள்.

"தட்டினேன் மாமா" என்றாள் வாலு. உதடு அசைந்தது, காற்று வந்தது, குரல் வரவில்லை. "மெதுவாத்தான் தட்டினேன்."

தப்பு எதுவும் செய்யவில்லை என்று நிரூபிப்பது போல அதைச் சொன்னாள்.

"வகுப்புலயும் இப்படித்தாங்க. நல்லாப் படிப்பா, என்ன படிச்சான்னு பக்கத்துல இருக்கறவளுக்கே கேக்காது. தப்பா நினைக்காதீங்க, வீட்டுல யாராவது ரொம்ப முடியாம படுத்திருக்காங்களா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் வாலு முந்திக்கொண்டாள். டீச்சர் குனிந்து காதைக் கொடுக்க வேண்டியிருந்தது. "மாமா படிக்கறார் மிஸ்."

டீச்சர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேலி இருந்தால் பரவாயில்லை. மரியாதை இருந்தது. "அப்படியா? என்ன படிக்கறீங்க?"

"பாய்லர் பரீட்சை. ராத்திரி ஆலையில வேலை."

"ராத்திரி வேலைக்கும் போயிட்டுப் படிக்கறது லேசு இல்லைங்க. நீங்க கண்டிப்பா நல்லா வருவீங்க."

அவர் ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போயிருப்பான்.

தெருவில் வாலு அவன் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஓரத்தில் காய்ந்த சருகுகள் கிடந்தன. அவற்றின்மேல் கால் படாமல் சுற்றிப் போனாள். 

"இங்க கத்துடி. தெருதானே? ஒரு தடவை கத்து பாக்கலாம்."

அவள் இரண்டு பக்க ஜன்னல்களையும் அண்ணாந்து பார்த்தாள். "உள்ள யாராவது படிச்சா?"

"யாரும் படிக்கல. இப்போ பாரு." அவனே கத்திக் காட்டினான். ஆலையில் டிரம்முக்கு அந்தப் பக்கம் இருப்பவனைக் கூப்பிடும் கத்தல். ஒரு நாய் எழுந்து நின்றது. சைக்கிளில் போனவர், "என்னய்யா, பகல்லயேவா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வாலு சிரிக்கவில்லை. பதறிப்போய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள், உதட்டில் விரலை வைத்தாள். கொஞ்ச தூரம் போனபின் கேட்டாள். "மாமா, எனக்காக வந்ததுல உங்க பாடம் விட்டுப் போச்சா?"

அவன் நடையை எட்டிப் போட்டான்.

"சாரி மாமா" என்றாள்.

வீட்டு வாசலில் அக்கா நின்றிருந்தாள். விஷயம் தெரிந்து கீழ்வீட்டிலிருந்து ஓடி வந்திருக்கிறாள், கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அத்தானும் வண்டியைப் பாதி வழியில் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். அக்கா மகளைக் கட்டிக்கொண்டாள், தடவிப் பார்த்தாள், அடி எதுவும் இல்லை என்று தெரிந்ததும் முதல் வார்த்தையாகச் சொன்னாள்: "மிஷின் ஓடற சத்தத்துல போன் அடிச்சது கேக்கலடா. உன்னைப் போய்க் கூப்பிட்டுட்டாங்களே, படிக்கற நேரத்துல!"

இதற்குமேல் அவனால் நிற்க முடியவில்லை. உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தான். அவளுக்குப் புரியவில்லை. புரட்டினாள். முதல் இரண்டு பாடத்தில் பென்சில் கோடும் விரல் அழுக்கும் இருந்தன. அதற்கப்பால் எல்லாம் வெள்ளை வெளேர். அச்சகத்தில் வெட்டும்போது ஒட்டிக்கொண்ட ஓரங்கள்கூடப் பிரியாமல் இருந்தன. நகத்தை விட்டு ஒரு தாளைப் பிரித்தாள். டப் என்று ஒரு சின்ன ஒலி. அந்த வீட்டில் அது பெரிதாகக் கேட்டது.

"அப்போ கதவைச் சாத்திக்கிட்டு என்னடா பண்ணின?"

"போன் பாத்தேன்."

"என்ன பாத்த?"

"கத்தி."

"கத்தியா?"

"துருப்பிடிச்ச கத்தியைத் தேய்க்கறது."

அத்தான் மூக்கால் ஒரு சிரிப்புச் சிரித்தார். அது சிரிப்பு இல்லை. "மாப்ள, கடைசி ஓவரை எல்லாம் நான் அம்பயர் கையைப் பாத்துப் புரிஞ்சுக்கிட்டேன்டா" என்றார். "ஒரு வருஷமா. நீ கத்தி தேய்க்கறதுக்கா?"

அக்கா அழுவாள் என்று எதிர்பார்த்தான். அழுதிருந்தால் சமாதானம் சொல்லித் தப்பித்திருக்கலாம். அவள் புத்தகத்தை மூடினாள். "நீ படிக்காதது உன் பாடு. என் பொண்ணு கதவுக்குள்ள மாட்டிக்கிட்டு மெதுவாத் தட்டிட்டு நின்னிருக்கா. அதைக் கத்துக்கொடுத்தது நான். உன் முகத்தைப் பாத்துப் பாத்து கத்துக்கொடுத்தேன்" என்றாள். பிறகு, "கீழ போ. மிஷினைத் தூக்கிட்டு வா."

கதவைத் திறந்த கீழ்வீட்டு அம்மாள் முகமெல்லாம் சிரிப்பானாள். "மிஷின் மேல போகுதா? அப்போ பரீட்சை முடிஞ்சிடுச்சா தம்பி? நல்லா எழுதினியா? நாங்களும் உனக்காகத்தான் மிக்ஸியே போடாம அம்மியில அரைச்சோம்!"

"இன்னும் இல்லைங்கம்மா" என்றான். மிஷின் கனம். படியில் இரண்டு இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினான். அக்கா இதை எப்படி ஒற்றையாளாகக் கீழே இறக்கினாள் என்று அதுவரை யோசித்ததே இல்லை. அன்றைக்கு அவன் கட்டிலில் படுத்திருந்தான்.

மேலே வந்தபோது அவனுடைய மேசை கூடத்துக்கு நடுவில் கிடந்தது. அறைக் கதவு விரியத் திறந்திருந்தது. அத்தான் பரணிலிருந்து குக்கரை இறக்கிக்கொண்டிருந்தார். டிவியில் யாரோ தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இங்க உக்காரு, என் கண்ணு முன்னால" என்றாள் அக்கா. மிஷினை மேசையை ஒட்டியே போட்டாள். "இனிமே தினமும் இதே இடம். போன் அத்தான்கிட்ட. வாலு, நீ மாமாவுக்கு எதிர்ல உக்காரு. புத்தகத்துல கேள்வி இருக்கு, நீ கேளு. மாமா பதில் சொல்லட்டும். டேய், அவ கேக்கறது உன் காதுல விழற வரைக்கும் பதில் சொல்லாதே. விழாத கேள்விக்குத் தலையாட்டினே, தொலைச்சிடுவேன்."

மிதிக்கத் தொடங்கினாள். மிஷின் தடதடத்தது. அடுப்பில் குக்கர் சீற ஆரம்பித்தது.

வாலு புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்தாள். உதடு அசைந்தது.

"கேக்கல" என்றான்.

மறுபடி அசைந்தது. தாயைப் பார்த்தாள். தாய் நிமிரவில்லை.

"கேக்கலடி."

குக்கர் முதல் விசிலை அடித்தது. வாலுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது, மூடிய கதவைத் தேடினாள். பழக்கம். கதவு திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. மாமா எதிரிலேயே இருந்தான். அதை உறுதி செய்துகொள்வது போல அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக மிதித்து வாசித்தாள். பாதியில் குரல் உடைந்தது, கீச்சென்று ஏறியது, ஆனால் மிஷினைத் தாண்டி, டிவியைத் தாண்டி வந்தது.

"பாய்லரின் நீர்மட்டக் கண்ணாடியில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாவிட்டால், முதலில் செய்ய வேண்டியது என்ன?"

அக்காவின் கால் நின்றது. சமையலறை வாசலில் அத்தான் கரண்டியோடு நின்றார். வாலுவின் முகம் சிவந்திருந்தது, தான் போட்ட சத்தத்தைத் தானே நம்பாதவள் போல இருந்தாள்.

மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள். அவன் அந்த பாய்லரின் ஆவியில்தான் தினமும் விரிப்புகளைக் காய வைக்கிறான். ஆலைக்கே கேட்கும்படி கத்துகிறவன், குனிந்து மேசையைப் பார்த்துச் சொன்னான்.

"தெரியல."

வாலு புத்தகத்தை இறக்கினாள். காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டாள்.

"கேக்கல மாமா" என்றாள், சத்தமாக.