சயனைட் மேட்டிலிருந்து ஒரு தட்டு

கல்யாண மண்டபத்துச் சமையற்காரர் ஒருவர் ரசம் தீர்ந்துவிட்டதென்று வாக்கி டாக்கியில் அலறிக்கொண்டிருந்தார். மைதானத்தின் ஓரத்தில் நின்ற மாலா சிரிப்பை அடக்கிக்கொண்டு, அலைவரிசை மாற்றும் பொத்தானை மறுபடி அழுத்தினாள். பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் அவள் காவலர்களுக்கு மேற்பார்வையாளர். நாளெல்லாம் இந்தக் கருவியோடுதான் மல்லுக்கட்டு. மலிவு விலைக் கருவிகள் எல்லாம் அதே நாலைந்து அலைவரிசைகளில்தான் பேசும் என்பது அவளுக்குத் தெரியும். அப்படியானால் எதிரணிக் கோச் வால்டர் பேசுவதும் கேட்குமா? நேற்றிலிருந்து மண்டையைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி அது.

வால்டரின் மனைவி லவினா மைதானத்துக்குப் பின்னால் சயனைட் மேட்டின் உச்சியில் குடையோடு உட்கார்ந்திருந்தாள். தங்கச் சுரங்கம் சயனைடில் அலசிக் கழித்துப்போட்ட மண்ணெல்லாம் சேர்ந்து மலையாகிவிட்ட மேடு. அங்கிருந்து பார்த்தால் மொத்த ஆட்டமும் கேரம் போர்டு மாதிரி தெரியும். பார்த்ததை அவள் கருவியில் சொல்ல, கீழே வால்டர் ஆட்களை நகர்த்துவார். வருடாவருடம் கோப்பை அவர்கள் பக்கமே போவதன் ரகசியம் அதுதான். மாரிகுப்பம் அணிக்குக் கோச் மாலாவின் கணவன் திலீப். இந்த ஃபைனலும் போனால் விசிலைக் கழற்றி வைத்துவிடுவதாகச் சொல்லிவிட்டான். ஃபுட்பாலும் இல்லையென்றால் இந்த மனுஷனிடம் என்ன மிஞ்சும்?

கருவியின் திரையில் எண்கள் ஓடி நின்றன.

“வால்டர், அவங்க லெஃப்ட் பேக் தூங்கிட்டு கீறான். அங்க போடச் சொல்லு.”

லவினாவேதான். தினமும் பெங்களூர் போகும் காலை ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்து இட்லியைப் பங்குபோட்டுக்கொள்ளும் அதே குரல். மாலா ஓடிப்போய்த் திலீப்பின் காதில் ஓதினாள்.

“உனக்கு எப்டித் தெரியும்?”

“அப்பால சொல்றேன். மொதல்ல ஆளை மாத்துங்க.”

அந்தப் பந்து வழியிலேயே அடைபட்டது. அடுத்ததும் அப்படியே. திருட்டு மாங்காய்க்கு ருசி அதிகம் என்பது சும்மாவா? மாலாவுக்குக் கன்னமெல்லாம் சூடேறியது. இரண்டு பக்கமும் கோல் விழாமல் இடைவேளை வந்தபோது வால்டர் தன் கருவியைச் சந்தேகத்தோடு திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மேட்டில் பாதிதூரம் ஏறி, இறங்கி வந்த லவினாவிடம் ஏதோ முணுமுணுத்தார்.

அதன்பின் குரலே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கருவிக்குள் நகத்தால் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. டொக், டொக். வால்டரின் ஆட்கள் பின்னால் இறங்கினார்கள்.

மாலா வாய்விட்டே சிரித்துவிட்டாள். சுரங்க ஷாஃப்ட்டில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜுக்கு அடிக்கும் மணிக்கணக்கு! ஒன்று அடித்தால் நில், இரண்டு அடித்தால் இறக்கு, மூன்று அடித்தால் ஆள் ஏறுகிறது. மைதானத்தில் இரண்டு என்றால் பின்வாங்கு, மூன்று என்றால் முன்னேறு. சுரங்கம் மூடிய பிறகும் இந்த ஊரில் சோறு போதும் என்பதற்குத் தட்டில் ஒரு தட்டு தட்டும் வீடுகள் இருக்கின்றன. வால்டர் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறார்.

இன்னும் கோலே விழாமல் ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் தட்டுக்குப் பதிலாகக் குரல் வந்தது, மிகத் தாழ்ந்து.

“வால்டர், இந்தத் தபா அவங்களே ஜெயிச்சுட்டுப் போகட்டுமே. தோத்தா திலீப் டீமையே உட்டுடுவாராம். மாலா ட்ரெயின்ல அழுதுட்டா, பாவம்.”

“சொம்மா இரு லவினா. மேட்ச்சைப் பாரு.”

மாலாவின் சிரிப்பு செத்துப்போனது. யாரிடமும் சொல்லாதே என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன சொல். கோபமும் வந்தது, லவினாவைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலவும் இருந்தது. ஒட்டுக்கேட்டவளுக்குக் கோபப்பட என்ன யோக்கியதை இருக்கிறது?

அப்போது மாரிகுப்பம் பையன்கள் கார்னருக்காக மொத்தமாக முன்னேறியிருந்தார்கள். பந்து பறிபோனது. பின்னால் கோல் வரைக்கும் வெட்டவெளி. கீழே நின்ற மாலாவுக்கே தெரிந்தது, மேட்டிலிருப்பவளுக்குத் தெரியாதா? மூன்று தட்டு விழும் என்று காத்திருந்தாள்.

டொக், டொக்.

இரண்டுதான். ஓடத் தொடங்கியிருந்தவர்களைப் பார்த்து வால்டர் தயங்கிக் கையைத் தூக்கினார். மாலா மேட்டை அண்ணாந்து பார்த்தாள். குடை அசையவில்லை. தவறிப்போய்த் தட்டியதல்ல, தெரிந்தே போட்ட பிச்சை அது.

“இன்னா சொல்றாங்க?” என்றான் திலீப், பந்திலிருந்து கண்ணை எடுக்காமல். அந்தப் பிச்சைக் கோப்பையை இவன் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு சிரிப்பான். பக்கத்தில் நின்று அவளும் சிரிக்க வேண்டும், நாளைக்கு ரயிலில் லவினாவோடு இட்லியும் தின்ன வேண்டும்.

மாலா பேசும் பொத்தானை முதல்முறையாக அழுத்தினாள். நகத்தால் தட்டினாள்.

டொக். டொக். டொக்.

வால்டர் கருவியை ஒரு கணம் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் வீசிக் கத்தினார். “போங்கடா!”

வெறும் மைதானத்தில் பந்து உருண்டு ஓடியது. சயனைட் மேட்டின் உச்சியில் லவினா எழுந்து நின்றாள். கருவியைக் காதோடு வைத்துக்கொண்டு, மாரிகுப்பம் பக்கத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடினாள். அவள் கைவிட்ட குடை சாம்பல் மண்ணில் சறுக்கிக்கொண்டு கீழே வந்துகொண்டிருந்தது.