டம்ப் காற்று அடித்த மதியம்

எங்கள் லைனில் யார் வீட்டுக்குள்ளும் யாரும் கதவைத் தட்டிவிட்டுப் போவது கிடையாது. தட்டினால், வந்திருப்பது ஏதோ அரசாங்க ஆள் என்று நினைத்து உள்ளே இருப்பவர்கள் மூச்சுக் காட்டாமல் இருந்துவிடுவார்கள். பூட்டும் அப்படித்தான். வெளியே போகிறவர்கள் நாதாங்கியைப் போட்டு, அதில் ஒரு பூட்டைச் சும்மா மாட்டித் தொங்கவிடுவார்கள். சாவியைத் திருப்பினால் அக்கம்பக்கத்துக்குக் கோபம் வந்துவிடும். அப்படித் திருப்பிப் பூட்டிய ஒருத்தியோடு கடைசி வீட்டுப் பார்வதம்மா ஒரு பொங்கல் முழுக்கப் பேசவில்லை. எங்கள் பூட்டு திருடனுக்காக இல்லை, ஆட்டுக்காக.

நந்திதுர்க்கில் தங்கச் சுரங்கத்தை மூடிப் பல வருஷம் ஆகியும் தொழிலாளிகளுக்குக் கட்டிய லைன் வீடுகள் அப்படியே நிற்கின்றன. ஒரே நீளக் கட்டிடம், மேலே தகரம், நடுநடுவே சுவர். என்னோடு பெங்களூரில் காவல் வேலை பார்க்கிறவர்கள் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, "இன்னா மனோகர், பாலைவனத்துல குடியிருக்கிற" என்றார்கள். எனக்குச் சுருக்கென்றது, ஆனால் பொய்யில்லை. தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண் எங்களுக்கு மேற்கே குன்று குன்றாகக் கிடக்கிறது. நாங்கள் அதை டம்ப் என்போம். ஒரு புல் முளைக்காது. கோடையில் காற்று திரும்பினால் அந்த வெள்ளைத் தூள் மொத்தமும் எங்கள் சோற்றில்தான் வந்து விழும்.

அடுத்த வீடு ஷில்பா. புருஷன் ரவிகுமார் வடக்கே லாரி ஓட்டுகிறான், எப்போதாவது முகம் காட்டுவான். ஷில்பாவுக்குப் பெங்களூரில் துணிக்கடை வேலை. விடியும் முன்னால் ரயில் ஏறினால் பொழுது சாய்ந்துதான் இறங்குவாள். மகள் நேத்ராவுக்கு ஐந்து வயது. பள்ளிக்கூடம் இருக்கும்வரை பிரச்சினை இல்லை, கோடை விடுமுறை வந்ததும் என் மனைவி ஜெயம்மாவிடம் தூங்குகிற பிள்ளையைத் தோள் மாற்றிக் கொடுத்துவிட்டு ஓடுவாள். "அக்கா, பாத்துக்கோங்க." "இதெல்லாம் ஒரு வேலையா, நீ போ" என்பாள் ஜெயம்மா. தினமும் இதே இரண்டு வாக்கியம்.

பார்த்துக்கொள்வது என்றால் எங்கள் ஊரில் என்ன? பிள்ளை ஒரு வீட்டில் இட்லி தின்னும், இன்னொரு வீட்டில் டிவி பார்க்கும், மூன்றாவது வீட்டில் தூங்கும். எங்கே என்று யாரும் தேடுவதில்லை. லைனுக்குள்தானே இருக்கும் என்று ஒரு நிச்சயம். அந்த நிச்சயத்தை நானும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான்.

அன்று எனக்கு வார விடுமுறை. மே மாத வெயில் தகரத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. காலையில் தண்ணீர் டேங்கர் வந்து போயிருந்தது. ஷில்பா வீட்டு டிரம்மைத் தசரதன்தான் நிரப்பினான். எதிர் லைன்காரன், கூப்பிடாமலே வந்து உதவி செய்கிறவன். நிரப்பிவிட்டுக் கதவைச் சாத்தினானே தவிர நாதாங்கி போடவில்லை. மதியம் எங்கள் வீட்டில் ரசம் சாதம் தின்றுவிட்டு, நேத்ரா கடைசி வீட்டுப் பார்வதம்மாவிடம் மாங்காய் வாங்கப் போனாள்.

காற்று சொல்லிவிட்டு வருவதில்லை. மேற்கே வெள்ளையாக ஒரு திரை எழும்பியது தெரிந்ததும் லைன் முழுக்கக் கதவுகள் படபடவென்று சாத்தப்பட்டன. ஜெயம்மா மட்டும் வெளியே ஓடினாள். கொடியில் துணி கிடந்தது. எங்கள் துணி, ஷில்பாவின் துணி, யாருடையதோ இன்னும் இரண்டு, எல்லாவற்றையும் அள்ளினாள். ஷில்பா வீட்டுக் கதவு திறந்து அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அதை இழுத்துச் சாத்தி, நாதாங்கி போட்டு, பூட்டையும் மாட்டிவிட்டு உள்ளே வந்து விழுந்தாள். கண் இமையெல்லாம் வெள்ளை.

"புள்ள?" என்றேன்.

"பார்வதம்மா கிட்டதான் கீது. அவங்க விடுவாங்களா இந்தக் காத்துல."

ஈரத் துணியை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தோம். தகரத்தின் மேல் மண் சரசரவென்று இறங்குகிற சத்தம் நெடுநேரம் கேட்டது. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசினாலே காதில் விழாது.

காற்று அடங்கியதும் எல்லோரும் துடைப்பத்தோடு வெளியே வந்தார்கள். எங்கள் லைனில் டம்ப் காற்றுக்குப் பிறகு ஒரு சின்னத் திருவிழா மாதிரி இருக்கும், ஆளுக்கு ஆள் மண்ணைத் தள்ளிக்கொண்டு திட்டிக்கொண்டு சிரிப்பார்கள். ஜெயம்மா கடைசி வீட்டைப் பார்த்துக் கையை நீட்டி, "நேத்ராவ அனுப்புங்க, மூஞ்சி கழுவி விடறேன்" என்றாள்.

பார்வதம்மா துடைப்பத்தை நிறுத்தினாள். "இன்னாமே சொல்ற? காத்து வர்றப்பவே உங்க பக்கம் ஓடிச்சே. நீதானே வெளிய நின்னே?"

"நான் பாக்கலயே!"

சிரிப்பு நின்றது. வீடு வீடாகக் கேட்டோம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பதில், "உங்க வீட்டுலன்னு நெனச்சோம்." ஊருக்கே பிள்ளையாக இருந்தவள், கேட்கும்போது யாரிடமும் இல்லை.

டம்ப்புக்குப் பின்னால், சுரங்கத்துக்குள் ஆள் இறங்குகிற பழைய ஷாஃப்ட் ஒன்று இருக்கிறது. வாயை மூடியிருக்கிறார்கள், ஆனால் அதைச் சுற்றிலும் மண் உள்வாங்கி அங்கங்கே குழி விழுந்திருக்கிறது. வேலியை யாரோ எப்போதோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். போன கோடையில் ஒரு கன்றுக்குட்டி அங்கே விழுந்தது. அதன் குரல் கேட்டது, ஆள் இறங்க முடியவில்லை. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் ஒரே பக்கம்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ஜெயம்மாவின் போன் அடித்தது. ஷில்பா. கடையில் சாப்பாட்டு இடைவேளையில் தினமும் கூப்பிடுவாள். ஜெயம்மா என்னைப் பார்த்தாள், நான் தலையை ஆட்டவும் இல்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் எடுத்தாள்.

"அக்கா, அங்க டஸ்ட் அடிக்குதாமே, ஸ்டேட்டஸ்ல போட்டிருக்காங்க. பாப்பா இன்னா பண்றா?"

"தூங்கிக்கினு கீது."

"எழுப்பாதீங்கக்கா. அப்புறம் அழுவா."

ஜெயம்மா போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவள் பொய் சொல்லி நான் கேட்டது கொஞ்சம். அதிலும் இப்படிச் சட்டென்று வந்து விழுந்த பொய் அது ஒன்றுதான்.

அப்புறம் கத்த ஆரம்பித்தோம். "நேத்ரா! ஏ நேத்ரா!" லைன் மொத்தமும் கத்தியது. பெண்கள் வீட்டு வாசல்களில் நின்று கத்தினார்கள், பார்வதம்மா மார்பில் அடித்துக்கொண்டு கத்தினாள். யாரோ கோயில் மைக்கைப் போட்டுப் பிள்ளையின் பேரையும் சட்டை நிறத்தையும் சொல்லச் சொன்னார்கள், அந்த ஸ்பீக்கர் வேறு விடாமல் அலறியது. தசரதன் பைக்கை எடுத்தான், நான் பின்னால் ஏறினேன்.

டம்ப்பில் ஏறினால் கால் கணுக்கால்வரை புதைந்தது. காலடித் தடம் தெரிந்தால்தானே பின்தொடர? காற்று எல்லாவற்றையும் துடைத்து வைத்திருந்தது. குழிகளின் ஓரத்தில் குப்புறப் படுத்து உள்ளே கூப்பிட்டோம். என் குரல் எனக்கே திரும்பி வந்தது. ஒரு குழியில் ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. நேத்ராவின் சட்டை சிவப்பு. தசரதன் என் காலைப் பிடித்துக்கொள்ள, நான் இடுப்புவரை தொங்கிப் பார்த்தேன். அது ஒரு பிளாஸ்டிக் கவர். மேலே வந்ததும் நான் அழுதேன், வெட்கப்படாமல் சொல்கிறேன்.

"எல்லாம் என்னாலதான்" என்றான் தசரதன்.

"உன்னால இன்னா?"

"தெரியல. இங்கயே சுத்திக்கினு இருக்கிறவன் நான். பாத்திருக்கணும் இல்ல?"

போலீசுக்குச் சொல்லிவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே டார்ச்சும் கயிறும் எடுத்துக்கொண்டு வரலாம் என்று திரும்பினோம். ஷில்பாவின் ரயில் வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஸ்டேஷனுக்குப் போய் அவள் முன்னால் நிற்கப்போவது யார் என்று இருவரும் பேசவில்லை.

லைன் காலியாகியிருந்தது. எல்லோரும் ரோட்டுப் பக்கமும் கோயில் பக்கமும் தேடப் போயிருந்தார்கள். ஸ்பீக்கரும் ஓய்ந்திருந்தது. ஜெயம்மா மட்டும் ஷில்பா வீட்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். கத்திக் கத்திக் குரல் போயிருந்தது, என்னைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தாள்.

"செருப்பு போட்டுக்கினு போச்சா, வெறுங்காலா?" என்று கேட்டான் தசரதன். போலீஸ் கேட்பார்கள் என்று நினைத்துக் கேட்டது அது.

ஜெயம்மா குனிந்து தன் காலடியைப் பார்த்தாள். படியோரம் ஒதுங்கிக் கிடந்த வெள்ளை மண்ணில் ஒரு பட்டை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவள் கையால் விலக்கினாள். ஒரு குட்டிச் செருப்பு, அதன் மேல் இன்னொன்று. நேத்ரா பார்வதம்மா வீட்டுக்குப் போகும்போது ஜெயம்மாவே மாட்டிவிட்டது.

அவள் நிமிர்ந்து கதவைப் பார்த்தாள். நாதாங்கி போட்டு, பூட்டு மாட்டியபடி இருந்தது. அந்தப் பூட்டைப் பார்த்துத்தான் நாங்கள் அத்தனை பேரும் அந்த வாசலை மட்டும் தாண்டித் தாண்டி ஓடினோம். உள்ளே யாரும் இல்லை என்பதற்குத்தானே பூட்டு.

"ஐயோ, நான்தான் மாட்டினேன்" என்றாள் ஜெயம்மா. குரலே வரவில்லை, காற்று மட்டும் வந்தது.

பூட்டை எடுக்க அவள் கை வழுக்கியது. நான் பிடுங்கி எறிந்துவிட்டுக் கதவைத் தள்ளினேன். முழுக்கத் திறக்கவில்லை, அடியில் ஏதோ தடுத்தது. அது பிள்ளை. கதவுக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடைவெளியில் வாயை வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அடைத்த ஜன்னல், மேலே வெந்த தகரம், உள்ளே இட்லிப் பானையைத் திறந்தது போல ஒரு அனல். மூலையில் டிரம் நிறையத் தண்ணீர் இருந்தது. தூசி விழாமல் இருக்கத் தசரதன் அதன் மூடி மேல் ஒரு பெரிய கல்லை வைத்திருந்தான்.

தசரதன்தான் முதலில் அசைந்தான். கல்லைத் தள்ளி, தண்ணீரை மொண்டு அவள் தலையில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டான். ஜெயம்மா பிள்ளையை மடியில் போட்டு ஈரப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தாள். என்னால் நிற்கத்தான் முடிந்தது. என் வாழ்நாளில் ஒரு மூச்சுக்காக அவ்வளவு நேரம் நான் காத்திருந்ததில்லை. பிறகு அவள் இருமினாள். கண்ணைத் திறந்தாள். தண்ணீர் கேட்டுக் கையை நீட்டினாள்.

பக்கத்துத் தெருவில் இருக்கும் நர்ஸை யாரோ அழைத்து வந்தார்கள். நாடி பார்த்து, கண்ணை விரித்துப் பார்த்து, உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னாள். ஜுரம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், மற்றபடி பயமில்லை என்றாள். தேடப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து வாசலில் கூடினார்கள். பார்வதம்மா திருஷ்டி சுற்ற மிளகாய் எடுத்து வந்தாள். எல்லோருக்கும் பேச நிறைய இருந்தது, எல்லோரும் பேசினார்கள்.

ஷில்பா வந்தபோது தோளில் பையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். வழியிலேயே யாரோ சொல்லியிருக்கிறார்கள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஜெயம்மா மடியிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். ஜெயம்மா எழுந்து நின்று, கரகரத்த குரலில் சொன்னாள்.

"நான்தான் வெளிய நாதாங்கி போட்டேன், ஷில்பா. உள்ள கீறான்னு தெரியாது. போன்ல தூங்கறான்னு சொன்னதும் பொய்தான். அப்ப எங்க கீறான்னே தெரியல. நீ இன்னா வேணா சொல்லு."

ஷில்பா முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. பிள்ளையின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் தனக்குள் பேசிக்கொண்டே இருந்தது. நல்ல வேளை என்றது, சாமி காப்பாற்றியது என்றது, சத்தம் போட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் திறந்திருப்போமே என்றது.

"ஏன் கண்ணு" என்றாள் ஷில்பா, "எல்லாரும் இங்கதானே இருந்தாங்க. ஒரு வாட்டி கூப்ட்டிருக்கலாம் இல்ல?"

நேத்ரா வாயைத் திறந்தாள். முதல் தடவை சத்தம் வரவில்லை. தொண்டை முழுக்கக் கட்டியிருந்தது. அம்மாவின் கழுத்தைப் பிடித்து இழுத்து, காதருகில் வாயை வைத்துச் சொன்னாள். ரகசியம்போலத்தான் சொன்னாள், ஆனால் கூட்டத்தில் எல்லோருக்கும் கேட்டது.

"கூப்ட்டுக்கினேதான் இருந்தேன்மா. இங்க கீறேன், இங்க கீறேன்னு. எல்லாரும் என் பேரையே கத்திக்கினு இருந்தாங்க. யாருமே நிறுத்தல."